மாடிப்படியின் மேல் ஒரு கேட்: வீட்டுக்காரர்களுக்கு ஒரு மடல்

பம்மல், அனகாபுத்தூர், பொழிச்சலூர், நாகல்கேணி, குரோம்பேட்டை பக்கங்களில் மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டிருக்கும் வீட்டுக்கார அய்யாக்களுக்கும் அம்மாக்களுக்கும்,



உங்கள் வீடுகளில் குடியிருக்கும் கைக்குழந்தைக்காரிகளில் ஒருத்தி இதை எழுதுகிறேன். வாடகையைப் பற்றியோ, அட்வான்ஸைப் பற்றியோ, மோட்டார் போடும் நேரத்தைப் பற்றியோ பேச வரவில்லை. மாடிப்படியைப் பற்றிப் பேச வேண்டும். மாடி வீட்டின் வாசற்கதவைத் திறந்தால் சின்னதாக ஒரு லாண்டிங். இரண்டு எட்டு வைத்தால் படி. லாண்டிங்குக்கும் முதல் படிக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது. அந்த இடத்தில் குழந்தைக்காக ஒரு கேட் வேண்டும். அதை நீங்களே போட்டுக் கொடுங்கள். முடியாதென்றால் நாங்கள் போட்டுக்கொள்ள மனம் ஒப்பிச் சம்மதியுங்கள். இதைத்தான் கேட்கிறேன். நேரில் கேட்கும்போதெல்லாம் "சுவத்துல ஓட்டை போடக் கூடாதும்மா" என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படித்துவிட்டு ஒரு முடிவுக்கு வாருங்கள்.

உங்கள் வீடு எப்படி எழுந்தது என்பது உங்களுக்குத்தான் நன்றாகத் தெரியும். அரை கிரவுண்டு மனை. ரிட்டயர்மென்ட் பணமும் பேங்க் லோனும் அடகு வைத்த நகையுமாகக் கீழே ஒரு வீடு. பின்னாளில் கைக்கு ஒரு வருமானம் வரட்டும் என்று மேலே ஒரு போர்ஷன். குடித்தனக்காரர்கள் உங்கள் கூடத்தின் வழியாக ஏறி இறங்க முடியாது, ஆகவே படி வெளிப்பக்கம், காம்பவுண்டுச் சுவரை ஒட்டி வந்தது. இருக்கிற இடத்துக்குள் அடக்க வேண்டும், ஆகவே செங்குத்தாக வந்தது. இதில் உங்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் படியை மேஸ்திரி கணக்குப் போட்டபோது வளர்ந்த மனிதரின் காலை மட்டும்தான் நினைத்தார். தவழ்கிற குழந்தை அவர் கணக்கில் இல்லை. உங்கள் கணக்கிலும் இருந்திருக்காது. இப்போது அந்தக் குழந்தை மேலே குடியிருக்கிறது.

2015 டிசம்பரில் அடையாறு பெருகி அனகாபுத்தூர், பொழிச்சலூர்ப் பக்கம் வீடுகளுக்குள் தண்ணீர் புகுந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டோம். அதற்குப் பிறகு வீடு தேடி வருகிறவர்கள் "கீழா, மாடியா?" என்றுதான் முதலில் கேட்கிறார்கள். புதிதாகக் கட்டுகிறவர்களில் பலர் தரைத்தளத்தை வண்டி நிறுத்த விட்டுவிட்டு மேலேதான் வீடே கட்டுகிறார்கள். தண்ணீருக்குப் பயந்து குழந்தையைத் தூக்கிக்கொண்டு மேலே ஏறி வந்தவர்கள் நாங்கள். ஏறி வந்த பிறகு தினமும் பயப்படுவது படிக்கு.

நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. மீனம்பாக்கத்தில் இறங்கும் விமானங்கள் நம் மொட்டை மாடிகளுக்கு மேலே தாழப் பறந்து போகின்றன. நமக்குப் பழகிவிட்டது. நடை பழகிய குழந்தைக்கு அது ஒவ்வொரு முறையும் புதுசு. சத்தம் கேட்டதும் வாசலுக்கு ஓடும். காற்றுக்காகக் கதவு திறந்துதான் கிடக்கும், இந்த வெக்கையில் வேறு என்ன செய்வது? லாண்டிங்கில் நின்று தலையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே குழந்தை நகரும். விமானம் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் காலும் போகும்.

பழைய வீடுகளில் நிலைப்படி இருந்தது. அரையடி உயரம் இருக்கும். தவழும் குழந்தை அதில் வந்து முட்டி நிற்கும், ஏறிப் பார்க்கும், திரும்பும். முதன்முதலாக அதைத் தாண்டிவிட்ட நாளில் கொழுக்கட்டை செய்து அக்கம்பக்கம் கொடுத்த வீடுகள் உங்களில் பலருடையவை. தாண்டினால் திண்ணை இருந்தது, திண்ணையில் யாராவது ஒரு பெரியவர் இருந்தார். இப்போது கூடத்து டைல்ஸ் ஒரே சமமாக லாண்டிங் வரை ஓடுகிறது. குழந்தையின் உள்ளங்கைக்கு வீடு எங்கே முடிகிறது, படி எங்கே தொடங்குகிறது என்ற அடையாளமே இல்லை. பிள்ளைத்தமிழில் வருகைப் பருவம் என்று ஒன்று உண்டே, தளர்நடை போடும் குழந்தையை வா வா என்று அழைப்பது. அந்த வயதுக் குழந்தையிடம் மாடிப் போர்ஷனில் நாங்கள் நாள் முழுக்கச் சொல்வது "போகாதே" என்பதைத்தான்.

ஏழெட்டு மாதத்தில் தவழ்கிறது. ஒன்பது, பத்து மாதத்தில் எதையாவது பிடித்து எழுந்து நிற்கிறது. ஒரு வயதை ஒட்டி நடக்கிறது. படி ஏறுவதை யாரும் சொல்லிக் கொடுக்காமலே கற்றுக்கொள்கிறது. இறங்கத் தெரிவதற்கோ இன்னும் பல மாதங்கள் ஆகும். உடம்பின் அளவுக்குத் தலை பெரியது, கனமானது. ஆகவே கீழே எட்டிப் பார்த்தாலே தலை முன்னால் இழுக்கும். சிமெண்டுப் படியிலோ கிரானைட் படியிலோ முதலில் மோதுவதும் தலைதான். இதோடு வாக்கர் ஒன்றும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். நம் பக்கத்து மர நடைவண்டியைக் குழந்தை பின்னால் நின்று தள்ளிப் போகும். சக்கரம் வைத்த வாக்கரிலோ குழந்தை உள்ளே உட்கார்ந்திருக்கும். நாம் எழுந்து ஓடுவதற்குள் கூடத்தைக் கடந்துவிடும், படி வந்தால் வண்டியோடு உருளும். இந்தக் காரணத்துக்காகவே கனடா 2004 ஏப்ரலில் வாக்கர் விற்பதையே தடை செய்தது. நம் ஊரில் அதைப் பரிசாகவே கொடுக்கிறோம். வாக்கரை வாங்காமல் இருப்பது எங்கள் பொறுப்பு, ஒப்புக்கொள்கிறேன். படி உங்கள் பொறுப்பு.

கேட் இல்லாத வீட்டில் நாங்கள் என்ன செய்கிறோம் தெரியுமா? பிளாஸ்டிக் நாற்காலியைப் படுக்கப் போட்டு வைக்கிறோம். காலி சிலிண்டரை நகர்த்தி வைக்கிறோம். பழைய புடவையைக் கைப்பிடிக்கும் ஜன்னல் கம்பிக்கும் நடுவில் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டுகிறோம். நாற்காலியைக் குழந்தை தள்ளிவிடும், சிலிண்டரில் ஏறும், புடவைக்கு அடியில் புகுந்துவிடும். பெரியவர்கள் இறங்கும்போது இவற்றிலேயே கால் மாட்டித் தடுக்கி விழுவதும் உண்டு. நான் குடியிருந்த ஒரு வீட்டில் கேட் மாட்ட அனுமதி கேட்டேன். எங்கள் செலவிலேயே மாட்டிக்கொள்கிறோம், காலி செய்யும்போது ஓட்டையை அடைத்துப் பட்டி பார்த்து பெயிண்ட் அடித்துத் தருகிறோம் என்றும் சொன்னேன். "இதுவரைக்கும் இருந்தவங்க யாரும் கேட்கலையே" என்ற பதில்தான் கிடைத்தது. அதே சுவரில் டிஷ் ஆண்டெனாவுக்காக நான்கு போல்ட் இறங்கியிருந்தது. ஏசிக்காகச் சுவரையே குடைந்திருந்தார்கள். ஆண்டெனாவுக்குக் கிடைக்கிற சம்மதம் குழந்தைக்குக் கிடைக்கவில்லையே என்று அன்று மனது மிகவும் வலித்தது. இன்றும் வலிக்கிறது.

"ஓட்டை போடாமல் மாட்டுகிற கேட் ஆன்லைனில் கிடைக்கிறதே, அதை வாங்கிக்கொள்ளக் கூடாதா?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. நான்கு மூலையிலும் திருகு வைத்து, இரண்டு பக்கச் சுவரையும் அழுத்திக்கொண்டு நிற்கும் கேட் அது. சமையலறை வாசலுக்குப் போதும். இரண்டு அறைகளுக்கு நடுவே போதும். மாடிப்படியின் மேல் தலைப்பில் அதை வைக்கவே கூடாது. காரணம் இரண்டு. அழுத்தத்தில் மட்டும் நிற்பதால், ஒரு வயதுக் குழந்தை பிடித்து உலுக்க உலுக்க அது கொஞ்சம் கொஞ்சமாக நகரும். ஒரு நாள் கேட்டும் குழந்தையும் சேர்ந்தே விழும். இரண்டாவது, அதன் அடியில் குறுக்கே ஒரு கம்பி தரையோடு ஓடும். குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படி இறங்கப் போகிறவர் கால் அந்தக் கம்பியில் தட்டினால் அடுத்த அடி காற்றில்தான். நம் வீடுகளில் இன்னொரு சிக்கலும் உண்டு. படியின் ஒரு பக்கம்தான் சுவர், மறு பக்கம் கைப்பிடிக் கம்பி. உருளைக் கம்பியை அழுத்திக்கொண்டு எந்த கேட்டும் நிற்காது. சுவர்ப் பக்கமும் ஸ்கர்ட்டிங் டைல் அரை அங்குலம் துருத்திக்கொண்டிருக்கும். ஆகவே மேல்படிக்குத் திருகாணி போட்டு இறுக்கிய கேட்தான் ஒரே வழி. திருகாணி என்றால் உங்கள் சுவர். உங்கள் சுவர் என்றால் உங்கள் சம்மதம். சுற்றி வளைத்தாலும் நாங்கள் உங்கள் வாசலில்தான் வந்து நிற்க வேண்டியிருக்கிறது.

"குழந்தையைப் பார்த்துக்கொள்வது தாயின் வேலை." இதைச் சொல்லாத வீட்டுக்காரரை நான் பார்த்ததில்லை. சொல்லாத மாமியாரையும், சொல்லாத பக்கத்து வீட்டாரையும் பார்த்ததில்லை. இதற்கு நான் பொறுமையாகப் பதில் சொல்ல விரும்புகிறேன்.

2024 ஏப்ரல் கடைசியில் ஆவடியை அடுத்த திருமுல்லைவாயலில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நடந்தது உங்களுக்கு நினைவிருக்கும். நான்காவது மாடி பால்கனியில் தாயின் கையிலிருந்து நழுவிய கைக்குழந்தை, கீழ்த்தளத்துத் தகரக் கூரையின் விளிம்பில் சிக்கிக்கொண்டது. குடியிருப்புவாசிகள் கீழே போர்வையை விரித்துப் பிடித்தார்கள். சிலர் ஜன்னல் வழியாக ஏறிக் குழந்தையை மீட்டார்கள். அந்த வீடியோவை நாடே பார்த்தது. குழந்தை பிழைத்தது. அதற்குப் பிறகு அந்தத் தாயைப் பற்றி முகம் தெரியாத ஆயிரம் பேர் சமூக வலைதளங்களில் எழுதியதை நான் படித்தேன். இவளெல்லாம் ஒரு தாயா என்று கேட்டார்கள். சில வாரங்களில் அந்தப் பெண் தற்கொலை செய்துகொண்டார். பக்கத்து வீட்டார் கை கோத்துக் காப்பாற்றிய குழந்தை தாயில்லாத குழந்தையாகிவிட்டது.

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் உங்களிடம் சொல்லியாக வேண்டும். ஒரு குழந்தை விழுந்தால் உடனே எல்லார் கண்ணும் தாயைத் தேடுகிறது. படியை யாரும் பார்ப்பதில்லை, கைப்பிடியின் இடைவெளியை யாரும் அளப்பதில்லை. மாடிப் போர்ஷனில் தனியாக இருக்கும் பெண்ணின் பகல் எப்படிப் போகிறதென்று யோசித்துப் பாருங்கள். அடுப்பில் குக்கர். கீழே தண்ணீர் லாரி வந்தால் குடத்தோடு ஓட வேண்டும். மொட்டை மாடியில் துணி காய்கிறது. கொரியர்காரர் பெல் அடிக்கிறார். இதற்கு நடுவில் கண் இமைக்காமல் ஒரு குழந்தையைப் பார்த்துக்கொண்டே இருப்பது எந்தத் தாயாலும் ஆகாது. பார்வை விலகுகிற அரை நிமிஷத்துக்குத்தான் கேட். பொறுப்பில்லாதவள் கேட்பதல்ல இது. ஆபத்தை அளந்து பார்த்தவள்தான் கேட்பாள்.

"நாங்களெல்லாம் கேட் வைத்தா பிள்ளை வளர்த்தோம்?" என்பது இன்னொன்று. நீங்கள் தரையோடு இருந்த வீட்டில் வளர்த்தீர்கள். வீட்டில் அத்தை, பாட்டி, சித்தப்பா என்று ஆள் இருந்தது. எங்களுக்கு அவை இரண்டும் இல்லை.

நியூயார்க் நகரத்தில் நடந்த ஒரு விஷயத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டும். ஐம்பது வருஷத்துக்கு முன்னால் அங்கே ஏழைகள் குடியிருந்த அடுக்கு வீடுகளில், வெயில் காலத்தில் காற்றுக்காகத் திறந்து வைத்த ஜன்னல்களிலிருந்து குழந்தைகள் விழுந்து இறந்துகொண்டிருந்தார்கள்.  1972-இல் அந்த நகரத்துச் சுகாதாரத் துறை, 'குழந்தைகளால் பறக்க முடியாது' என்று பொருள்படும் பெயரில் ஒரு திட்டத்தைத் தொடங்கியது. குழந்தை விழுந்த வீடுகளுக்கு நர்ஸ்கள் நேரில் போனார்கள். ஜன்னலுக்குக் கம்பித் தடுப்பு இலவசமாகக் கொடுத்தார்கள். பிராங்க்ஸ் என்ற பகுதியில் 1973-க்கும் 1975-க்கும் இடையில் இப்படி விழுவது பாதியாகக் குறைந்தது. தாய்மார் அதே தாய்மார், குழந்தைகள் அதே மாதிரிக் குழந்தைகள். மாறியது ஜன்னல் மட்டும். அதைப் பார்த்துவிட்டு 1976-இல் நகரம் ஒரு விதி போட்டது: பத்து வயதும் அதற்குக் கீழும் உள்ள குழந்தை குடியிருந்தால், ஜன்னலுக்குத் தடுப்பு போட வேண்டியவர் வீட்டு உரிமையாளர். குழந்தை இருக்கிறதா என்று வருஷத்துக்கு ஒருமுறை குடியிருப்பவர்களிடம் எழுத்தில் கேட்க வேண்டியவரும் இப்போது அவர்தான். வாடகைக்கு இருப்பவர் இன்று வருவார், நாளை போவார், சுவர் உரிமையாளருடையது. இந்தச் சாதாரண நியாயத்தில்தான் அந்த விதி நிற்கிறது.

நமக்கு அப்படி ஒரு விதி இல்லை. தமிழ்நாட்டில் 2017-இல் இயற்றப்பட்டு 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டம், வீட்டுக்காரர் வேலை எது, குடியிருப்பவர் வேலை எது என்று பட்டியல் போட்டிருக்கிறது. கட்டடப் பழுது உங்களுடையது. குழாய்க்கு வாஷர் மாற்றுவது எங்களுடையது. குழந்தைக்கு ஒரு கேட் என்பது எந்தப் பட்டியலிலும் கிடையாது. 2021 நவம்பரில் பம்மல், அனகாபுத்தூர் நகராட்சிகளெல்லாம் சேர்ந்து தாம்பரம் மாநகராட்சி ஆனபோது நாம் பெரிய நகரத்துக்காரர்கள் ஆனோம். மாநகராட்சி வந்து சொல்லட்டும், சட்டம் வந்து சொல்லட்டும் என்று காத்திருந்தால் இப்போது தவழ்கிற குழந்தைகள் பள்ளிக்கூடம் போய்விடுவார்கள். நீங்கள் மனது வைத்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிகிற வேலை இது.

என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆன்லைனில் தேட வேண்டியதில்லை. நம் தெருக்களில் கிரில் அடிக்கும் வெல்டிங் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. உங்கள் ஜன்னல் கிரில்லை அடித்துக் கொடுத்தவரையே கூப்பிடுங்கள்.

உயரம் இரண்டே முக்கால் அடிக்குக் குறைய வேண்டாம். குழந்தையின் உயரத்தில் முக்கால் பங்காவது கேட் இருக்க வேண்டும் என்பது குழந்தை மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. இந்த உயரம் இருந்தால் இரண்டு வயது தாண்டும்வரை கவலை இல்லை. கம்பிகள் எல்லாம் நெட்டுக்குத்தாக நிற்க வேண்டும். குறுக்குக் கம்பி மேலே ஒன்று, கீழே ஒன்று போதும், நடுவில் வேண்டாம். நடுவில் குறுக்குக் கம்பி இருந்தால் குழந்தை அதில் கால் வைத்து ஏறிவிடும். கம்பிக்கும் கம்பிக்கும் இடைவெளி மூன்று அங்குலத்துக்குள் இருக்கட்டும். உடம்பு நுழைந்து தலை நுழையாத இடைவெளிதான் எல்லாவற்றையும்விட ஆபத்தானது, குழந்தை கழுத்தில் தொங்கிவிடும். தரைக்கும் கேட்டுக்கும் நடுவே இரண்டு அங்குலத்துக்கு மேல் விடாதீர்கள். அழகுக்காகப் பூ வேலையும் ஈட்டி முனையும் வேண்டவே வேண்டாம். சட்டையும் கழுத்துச் சங்கிலியும் அதில் மாட்டும்.

கேட் லாண்டிங் பக்கம்தான் திறக்க வேண்டும், படிப் பக்கம் ஒருபோதும் திறக்கக் கூடாது. பட்டறைக்காரர் இடம் போதவில்லை என்பார், படிப் பக்கமே திறக்கட்டும் என்பார். ஒப்புக்கொள்ளாதீர்கள். சாத்தாமல் விட்ட கேட்டில் குழந்தை சாய்ந்தால் அது படியின் மேல் போய்த் திறந்துகொள்ளும். லாண்டிங் அவ்வளவு குறுகலாக இருந்தால் வாசல் நிலையிலேயே ஓர் அரைக்கதவு மாட்டிவிடுங்கள். காற்றும் வரும், குழந்தைக்கு வெளியே பார்க்கவும் முடியும். கேட்டைப் படியின் ஓரத்துக்கு வெளியே தள்ளி மாட்ட வேண்டாம். முதல் படிக்கு ஒரு சாண் உள்ளேயே நிற்கட்டும். தாழ்ப்பாள் மேலே, வெளிப்பக்கமாக. ஒரு கையால் திறக்க வர வேண்டும், இன்னொரு கையில் குழந்தை இருக்குமல்லவா? தானாகச் சாத்திக்கொள்ளும் ஸ்பிரிங் கீல் போட்டால் இன்னும் நல்லது. தயவுசெய்து பூட்டு போடும் வளையம் வைக்க வேண்டாம். கேஸ் கசிந்தாலோ கரண்ட் ஷார்ட் ஆனாலோ எல்லாரும் இறங்கி ஓட வேண்டிய வழியும் அதுதான்.

பெயிண்ட் விஷயத்தில் மட்டும் கொஞ்சம் பிடிவாதமாக இருங்கள். பல் முளைக்கும் குழந்தை கேட்டின் மேல் கம்பியைக் கடிக்கும், கட்டாயம் கடிக்கும். வீட்டு பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பர் முதல் இருக்கிறது. அதை டப்பாவிலேயே அச்சிட்டிருப்பார்கள். பட்டறையில் மிச்சம் கிடக்கும் பெயர் தெரியாத டப்பாவை எடுத்து அடிக்க விடாதீர்கள். வெல்டிங் செய்த இடங்களை அரத்தால் ராவி வழுவழுப்பாக்கச் சொல்லுங்கள்.

கொலாப்சிபிள் கேட் ஏற்கெனவே இருக்கிறது, அது போதும் என்று சிலர் நினைப்பீர்கள். திருடனுக்கு அது போதும். குழந்தைக்கு அந்த டைமண்ட் இடைவெளிகளில் விரலும் கையும் நசுங்கும். மடங்கும் மரத்தடுப்புகள் முன்பு அமெரிக்காவில் குழந்தைகளுக்கென்றே விற்றன. அவற்றின் மேல் விளிம்பில் V வடிவத்தில் இருந்த இடைவெளியில் கழுத்து மாட்டிக் குழந்தைகள் இறந்ததால் அந்த வடிவமே 1985-க்குப் பிறகு மாற்றப்பட்டது. நம் கொலாப்சிபிள் கேட்டிலும் அதே டைமண்டுதான் இருக்கிறது.

படி ஓரத்துக் கைப்பிடியையும் ஒருமுறை போய்ப் பாருங்கள். பத்துப் பதினைந்து வருஷமாக எல்லா வீட்டிலும் எஸ்.எஸ். பைப் வந்துவிட்டது. பளபளவென்று மூன்று நான்கு குழாய்கள் குறுக்காக ஓடுகின்றன. குழந்தைக்கு அது சார்த்தி வைத்த ஏணி. குழாய்களுக்கு நடுவே உள்ள இடைவெளியில் இரண்டு வயதுக் குழந்தை முழுசாகவே நுழைந்துவிடும். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் ஏறத்தாழ நான்கு அங்குல உருண்டை ஒன்று கைப்பிடியின் இடைவெளியில் நுழையக் கூடாது என்று கட்டட விதியே இருக்கிறது. அந்த அளவைக் கையில் வைத்துக்கொண்டு உங்கள் கைப்பிடியை அளந்து பாருங்கள். முழுவதையும் மாற்றச் சொல்லவில்லை. உட்பக்கமாக ஓர் அக்ரிலிக் ஷீட்டோ நெருக்கமான வலையோ இழுத்துக் கட்டினால் போதும், அதுவும் லாண்டிங் பக்கம் மட்டும். மேலே மொட்டை மாடிக்குப் போகிற கதவுக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள். கீழே சம்ப் மூடிக்கு ஒரு கொண்டி. உங்கள் தெருப்பக்கத்து ஸ்லைடிங் கேட் ஓடும் தண்டவாளத்தின் முனையில் ஸ்டாப்பர் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். அந்தக் கனமான கேட் சரிந்து குழந்தைகள் இறந்த செய்திகளை நாம் படித்திருக்கிறோம்.

வீட்டுக்குள் இருப்பது எங்கள் வேலை. சமையலறை வாசலில் அழுத்தி நிற்கும் கேட்டை நாங்களே வாங்கிக்கொள்வோம். வடித்த கஞ்சியும் சாம்பார்ப் பாத்திரமும் தரையில் இருக்கிற நேரத்தில் குழந்தை இந்தப் பக்கம் நின்று அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். கதவைச் சாத்தினால் அழும். கேட் என்றால் முகம் தெரியும். குளியலறையில் பக்கெட்டுகளைக் கவிழ்த்து வைப்போம், தண்ணீர் பிடித்து வைத்த டிரம்முக்கு மூடி போடுவோம். ஓரிரண்டு அங்குலத் தண்ணீரில்கூடக் குழந்தை மூழ்கும் என்பது எங்களுக்குத் தெரியும். அங்கேயும் ஒரு தாழ்ப்பாளைக் கொஞ்சம் மேலே ஏற்றி மாட்ட வேண்டியிருந்தால் இரண்டு திருகாணிக்குச் சரி என்று சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் மாடியிலிருந்து இறங்கி வந்து உங்கள் முகத்தைப் பார்த்து நிற்கிற நிலைமை வேண்டாம்.

இந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு உங்களில் யாருக்காவது வேறொரு யோசனை வந்துவிடுமோ என்ற பயம் எனக்கு இருக்கிறது. 'எதுக்கு வம்பு, இனிமே கைக்குழந்தைக்காரங்களுக்கு வீடே கொடுக்க வேண்டாம்' என்பதுதான் அந்த யோசனை. இப்போதே பேச்சிலர் என்றால் இல்லை, அசைவம் என்றால் இல்லை, நாய் இருந்தால் இல்லை என்ற பதில்களோடு தெருத் தெருவாக அலைகிறோம். வயிற்றில் பிள்ளையோடு வீடு பார்க்கப் போன ஒரு பெண்ணிடம் "குழந்தை பிறந்தா சத்தமா இருக்குமே" என்று சொன்னதை நானே பக்கத்தில் நின்று கேட்டேன். அப்படிச் செய்துவிடாதீர்கள். குழந்தை இருக்கும் குடும்பம் சீக்கிரம் வீடு மாற்றாது. பால்வாடி பக்கத்தில் இருக்கிறதா, தடுப்பூசி போட ஆஸ்பத்திரி இருக்கிறதா என்று பார்த்துத்தான் வருகிறோம், வந்தால் வருஷக்கணக்கில் இருப்போம். வாடகை தேதிக்கு வந்துவிடும். உங்கள் பேரப்பிள்ளைகள் விடுமுறைக்கு வரும்போது அதே படியில்தான் ஏறி இறங்கி விளையாடப் போகிறார்கள். அவர்களுக்கும் அதே கேட்தான்.

செலவு யாருடையது என்பதில் தகராறு வேண்டாம். ஒரு சின்ன இரும்பு கேட்டுக்கு ஆகும் செலவு, நீங்கள் எங்களிடம் வாங்கி வைத்திருக்கும் அட்வான்ஸில் ஒரு சிறு துளி. நீங்கள் போட்டுக் கொடுத்தால் அது அடுத்து வருகிற குடும்பத்துக்கும் அதற்கடுத்த குடும்பத்துக்கும் பயன்படும், ஆகவே நீங்கள் போடுவதே நியாயம் என்று நினைக்கிறேன். பாதிப் பாதி என்றாலும் சம்மதம். முழுவதும் நாங்களே போடுகிறோம் என்றாலும் சரி, சம்மதத்தை மட்டும் வாய்வார்த்தையாக விடாமல் எழுதிக் கொடுங்கள். பதினோரு மாத அக்ரிமென்ட்டில் ஆணி அடிக்கக் கூடாது என்று ஒரு வரி இருக்கிறதே, அதற்குக் கீழே இன்னொரு வரி சேருங்கள்: குழந்தையின் பாதுகாப்புக்காகப் படியிலும் ஜன்னலிலும் கேட், வலை, தாழ்ப்பாள் பொருத்திக்கொள்ளலாம், காலி செய்யும்போது சுவரைச் சரிசெய்து தர வேண்டும், அதற்காக அட்வான்ஸில் பிடித்தம் கிடையாது.

ஆடி மாதம் யாரும் வீடு மாறுவதில்லை. காலியான போர்ஷன்கள் ஆவணி வரைக்கும் பூட்டித்தான் கிடக்கும், நீங்களும் அந்த நேரத்தில்தான் பெயிண்ட் அடிப்பீர்கள், குழாய் பார்ப்பீர்கள். அந்த மாதத்திலேயே பட்டறைக்காரரை வரச் சொல்லி மேல்படியை அளக்கச் சொல்லுங்கள். ஏற்கெனவே குழந்தையோடு ஒரு குடும்பம் மேலே இருந்தால் ஆடி வரை காத்திருக்க வேண்டாம். இந்த ஞாயிற்றுக்கிழமை ஏறிப் போய், எங்கே மாட்டலாம் என்று அவர்களையே கேளுங்கள்.

இப்படிக்கு,
பம்மலில் மாடிப் போர்ஷன் ஒன்றில் குடியிருக்கும் ஒரு தாய்